ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது ஒரு கோடு

கோத்தகிரியில் இருந்துகொண்டு 2014 மாடல் பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். செக் இன்ஜின் விளக்கு எரியும்போதெல்லாம் மேட்டுப்பாளையம் இறங்கிக் காத்துக் கிடப்பது சலித்துப்போய், மூன்று வருடம் முன்பு 900 ரூபாய்க்கு காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுகளைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் கோளாறின் கோடு (code) வந்துவிடும்.

முதலில் வந்தது பி0171. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பொருள். "மலைக் காத்துங்க, அப்படித்தான் வரும்" என்றார் ஒரு மெக்கானிக். கார்புரேட்டர் காலத்தில் மலையேறினால் பெட்ரோல்தான் அதிகமாகப் போகும். அவர் சொன்னது நேர் எதிர். இன்னொருவர் ஆக்சிஜன் சென்சாரைக் கைகாட்டினார். மாற்றினேன், 3,200 போச்சு. பி0171-ஐ அழித்த எட்டாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்த முறை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தேன். கோடு பதிவான நொடியின் கணக்கு அதில் இருக்கும். கோடு அழிந்தால் அதுவும் போய்விடும். வேகம் 32, இன்ஜின் லோடு (இன்ஜின் மேல் விழும் சுமை) 80 சதவீதத்துக்கு மேல். குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது வந்திருக்கிறது! சாவியை ஆன் செய்து, இன்ஜினைக் கிளப்பாமல் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்தேன்: மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல், வீட்டு வாசலில் 82. உயரத்துக்குச் சரியான காற்றழுத்தம்தான், அதில் கோளாறு இல்லை. பிறகு மனைவி ஓட்ட, நான் ஃப்யூயல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, பார்த்துக்கொண்டே வந்தேன். நின்றால் +4 சதவீதம், ஏற்றத்தில் +24. காற்று எங்காவது கசிந்தால் ஐடிலில்தான் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) அதிகம் காட்டும். ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்கைத் திறந்தால், பம்ப்பின் வடிகட்டி காபி வடித்த துணி மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் மார்கழியில் பி0128. இன்ஜின் போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள். இது இறக்கத்துக் கோடு. என் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது, ஆப்பில்தான் பார்த்தேன். கியரில் சும்மா இறங்க இறங்கக் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 64 டிகிரிக்கு வந்துவிட்டது. சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. மாற்றியபின் எந்த வளைவிலும் 85-க்குக் கீழே போவதில்லை.

ஸ்கேனரில் குறைகளும் உண்டு. புளூடூத் அடிக்கடி அறுந்துபோகும். அதைக் கழற்றாமல் ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தால் பேட்டரி காலி; அந்தக் குளிரில் பக்கத்து வீட்டு அண்ணன் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது. ஏர்பேக், ஏபிஎஸ் கோடுகளை இது படிக்காது. போன வாரத்திலிருந்து என் காரில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. சனிக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.