9-ல் சேர்த்துக்கொண்டு 10-க்கு முன் டிசி கொடுக்கும் பள்ளிகள்: சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் கவனத்துக்கு

மார்ச்சில் மாற்றல் உத்தரவு, ஏப்ரலில் வீட்டுக்கு அட்வான்ஸ், மே மாதத்தில் பள்ளி தேடல். இந்த வரிசையில் சென்னைக்கு வந்து இறங்கும் குடும்பங்களுக்காகவே சில தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள் கடை விரித்துக் காத்திருக்கின்றன. பிள்ளை 55, 60 மார்க் எடுக்கிறவன் என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி. பெற்றோர் ஏற்கெனவே கூச்சத்தோடு வந்து உட்காருவார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள்.

புனேயிலிருந்து சென்னையின் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததை எழுதுகிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். இந்த முறை ஒரு பள்ளியோடு நிற்பதில்லை.

பையன் எட்டாம் வகுப்பு முடித்தவன், இரண்டாம் மொழி இந்தி. எல்லாப் பாடத்திலும் அறுபதை ஒட்டி மார்க், கணக்கில் நாற்பத்தைந்து. "ஆவரேஜ் பசங்களைத் தூக்கிவிடுறதுதான் சார் எங்க ஸ்பெஷாலிட்டி" என்றார் அட்மிஷன் கவுன்சலர். ஒரு மணி நேரத் தேர்வு வைத்தார்கள். "கொஞ்சம் வீக்காத்தான் இருக்கான், ஃபவுண்டேஷன் கோர்ஸோட சேர்த்தாத்தான் சீட் தர முடியும்" என்றார்கள். ஆண்டுக் கட்டணம் போக ஃபவுண்டேஷனுக்கு 40,000 ரூபாய். அதற்கான ரசீது பள்ளிப் பெயரில் இல்லை, டிரஸ்ட் பெயரில், "தன்விருப்ப நன்கொடை" என்று போட்டுக் கொடுத்தார்கள். மொட்டை மாடி ஷெட்டில் மாலை இரண்டு மணி நேரம் ஜேஇஇ (ஐஐடி நுழைவுத் தேர்வு) மாதிரிக் கணக்குகள் போட வைப்பதுதான் அந்த வகுப்பு. சாதாரணப் பின்னக் கணக்கிலேயே தடுமாறுகிற பையன் அங்கே உட்கார்ந்து என்ன செய்வான்?

விண்ணப்பத்தோடு நாலு பக்கப் படிவம் ஒன்று. மூன்றாம் பக்கத்தில், சீருடை விதிகளுக்கும் செல்போன் தடைக்கும் நடுவில், பொடி எழுத்தில் ஒரு வரி: "தொடர்ந்து இரண்டு தேர்வுகளில் எந்தப் பாடத்திலாவது 50 சதவீதத்துக்குக் குறைந்தால் பள்ளியின் முடிவுக்குக் கட்டுப்படுவேன்; என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்வேன்." கையெழுத்துக்குக் கீழே தேதிக் கட்டம் காலி. "டேட் நாங்க போட்டுக்கறோம்" என்றார்கள்.

நவம்பரிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடமே முடியாமல் இருந்தது. ஆண்டுத் தேர்வில் கணக்கு போயிற்று. மார்ச் கடைசியில் அழைத்துச் சொன்னது இது: இங்கேயே இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில், டிசி வாங்கிக்கொண்டால் பாஸ். பெற்றோர் பாஸ் டிசியை வாங்கிக்கொண்டார்கள். எவரும் வாங்கத்தான் செய்வார்கள்.

இந்தப் பேரம் ஏன் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009 பிள்ளையைக் காக்கிறது. சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வடிகட்டல் தேர்வுக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை அபராதம். நன்கொடை என்றால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. தமிழ்நாட்டு அரசின் கொள்கைப்படி எட்டு வரை ஃபெயில் போடுவதும் கிடையாது. ஒன்பதில் இந்தக் கவசம் எல்லாம் கழன்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் பள்ளியின் விளம்பரப் பலகையில் ஏறப்போகிறது. ஆகவே வடிகட்ட அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் ஒன்பது. "நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற பலகையைப் பார்க்கும்போது எத்தனை பேரை எழுதவிட்டார்கள் என்பதை விசாரியுங்கள்.

பாஸ் டிசி கையில் இருந்தால் போதும், வேறு பள்ளியில் பத்தாம் வகுப்பு சேர்ந்துவிடலாம் என்று நினைப்பதுதான் அடுத்த கண்ணி. சிபிஎஸ்இ மாணவரை ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு செய்துவிடுகிறது. பத்தில் நேரடியாகப் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும், காரணத்துக்கு ஆவணம் வேண்டும். நல்ல மார்க் எடுக்கும் பிள்ளைக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் நம் பையனுக்கு "சீட் இல்லை" என்று சொல்லிவிடும். கடைசியில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போவார்கள். அங்கே பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயத் தாள், 2006-இல் வந்த சட்டம். இந்தி படித்து வந்த பிள்ளைக்கு அ, ஆ தெரியாது. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் விலக்கு கேட்டுப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம், தானாக வந்துவிடாது. மேலே சொன்ன குடும்பம் இப்போது அந்த விண்ணப்பத்தோடுதான் அலைகிறது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்தே. ஒவ்வொரு சிபிஎஸ்இ பள்ளியும் தன் இணையதளத்தில் "மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்" என்ற பக்கத்தை வைத்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவானவர்கள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை என்ற அட்டவணை அதில் இருக்கும். சதவீதத்தை விட்டுவிடுங்கள், பதிவானவர்கள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யுடைஸ் பிளஸ் (மத்திய கல்வி அமைச்சகத்தின் பள்ளித் தகவல் தொகுப்பு) தளத்தில் "நோ யுவர் ஸ்கூல்" பகுதிக்குப் போய், அதே பள்ளியில் அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒன்பதில் 160 பேர், மறு ஆண்டு பத்தில் பதிவு 128 என்றால் 32 பேர் எங்கே போனார்கள்? நாலைந்து பேர் குறைவது சகஜம், ஊர் மாறுவார்கள். மூன்று ஆண்டும் இப்படியே குறைந்தால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லை, அல்லது அட்டவணை காலி என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பள்ளியின் இணைப்பு எண்ணையும் (அஃபிலியேஷன் நம்பர்) சிபிஎஸ்இ தளத்தில் போட்டுப் பாருங்கள். "சிபிஎஸ்இ பேட்டர்ன்" என்று பலகை வைத்திருக்கும் பள்ளிகளில் சிலவற்றுக்கு எட்டு வரைதான் அனுமதி. ஒன்பது, பத்து மாணவர்களை வேறு பள்ளியின் பெயரில் எழுத வைப்பார்கள். பத்தாம் வகுப்பு வரை இணைப்பு உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதைத் தளத்தில் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

நேரில் போகும்போது கவுன்சலரிடம் கேட்பதைவிட மாலை மூன்றரைக்கு வாசலில் நிற்கும் வேன் டிரைவர்களிடம் கேட்பது மேல். பத்தாம் வகுப்பில் எத்தனை செக்‌ஷன், மார்க் வாரியாகப் பிரிக்கிறார்களா, போன வருஷம் தன் வேனில் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே கேட்க வேண்டியவை வேறு. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள் உண்டு. பாடம் ஒன்றுதான், பேசிக் தாளில் கேள்விகள் எளிது. கணக்கில் திணறும் பிள்ளைக்கு இது பெரிய வாசல், ஆனால் "எங்க ஸ்கூல்ல எல்லாரும் ஸ்டாண்டர்டுதான்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அதேபோல் ஆறாவது பாடமாக ஸ்கில் சப்ஜெக்ட் (தொழில்திறன் பாடம்) தருகிறார்களா என்று கேளுங்கள். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்று போனாலும், ஸ்கில் பாடத்தில் தேறியிருந்தால் அந்த இடத்தை அது நிரப்பிவிடும். இந்த இரண்டுக்கும் நேரான பதில் தராத பள்ளி சராசரிப் பிள்ளையைப் பற்றி யோசித்ததே இல்லை.

எட்டாம் வகுப்பு அல்லது அதற்குக் கீழே சேர்க்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டு மெட்ரிக் பள்ளிகளும் நல்ல வழிதான். 2011 முதல் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே, சமச்சீர். ஆகவே "மெட்ரிக் ஸ்டாண்டர்டு" என்று கூடுதலாகக் கேட்கும் பணத்துக்குப் பாடத்தில் பொருள் இல்லை. ஆறாம் வகுப்பில் வந்தால் தமிழைப் பிடிக்க நாலைந்து வருஷம் கிடைக்கும், எட்டில் வந்தால் திணறும். இன்னொன்று: தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்கள் பழைய பள்ளி உங்கள் பிள்ளையின் எமிஸ் எண்ணை (மாநிலக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். அனுப்பாவிட்டால் புதிய பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது, கட்டணப் பாக்கி என்று சொல்லி இதைத்தான் பிடித்து வைப்பார்கள்.

பணம் கட்டும்போது, கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையின் ஆணை நகலைக் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஃபவுண்டேஷன் கட்டாயம் என்றால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த வார்த்தையிலேயே அது விருப்பப் பாடமாக மாறிவிடும். டிரஸ்ட் பெயரில் ரசீது தந்தால் வாங்காதீர்கள். உறுதிமொழிப் படிவத்தில் டிசி பற்றிய வரியை அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, தேதியையும் நீங்களே எழுதி, நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்த பிறகே கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், ஃபெயில் என்று சொன்னால் முதலில் விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள், எழுத்தில். பாஸா ஃபெயிலா என்பது விடைத்தாளைப் பொறுத்தது, டிசி வாங்குவதைப் பொறுத்தது அல்ல என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) அனுப்புங்கள், சிபிஎஸ்இ சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒன்று. மாநிலக் கல்வி உதவி எண் 14417. மார்ச் கடைசி வாரத்தில் பள்ளி அவசரப்படுத்தும், "இன்னிக்கே முடிவு சொல்லுங்க" என்று. கடிதம் போகும் வரை டிசி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று பதிவேட்டில் ஏறிவிடும், அதற்குப் பிறகு எந்த அலுவலகமும் அந்தப் புகாரைக் கையில் எடுப்பது கடினம்.