காற்றா, தோட்டமா, 160 சதுர அடியா? பழைய பம்பாயின் வீட்டுக் கணக்கு

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஜனங்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு ஓட, ஆலைகள் ஆளில்லாமல் திண்டாடின. ஆலைத் தொழிலாளி இரவில் எங்கே படுக்கிறான் என்று ஆங்கிலேய அரசு அக்கறையாக எட்டிப் பார்த்தது அப்போதுதான். 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது.

டிரஸ்டின் முதல் வழி இடிப்பது. உள்நகரின் நெரிசலைக் கிழித்துக்கொண்டு பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் வந்தன. கடற்காற்று உள்ளே வரவேண்டும் என்பது நோக்கம். காற்று வந்தது. வீடிழந்தவர்களோ பக்கத்துச் சந்துகளில் போய் ஒண்டினார்கள். ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. ஒரு தெருவின் நெரிசல் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். என் கணக்கில் இதுதான் மிக மோசமான வழி. கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது எதிரே வெட்டவெளி வேண்டும் என்ற டிரஸ்டின் 63½ பாகை வெளிச்ச விதியை மட்டும் பாராட்டலாம்.

இரண்டாவது, வடக்கே வயல்வெளியில் புதிய குடியிருப்புகள். தாதர், மாட்டுங்கா, ஐந்து தோட்டங்கள், மர நிழல் விழும் தெருக்கள். பார்க்க இதைவிட அழகான திட்டம் இல்லை. ஆனால் அங்கே வாடகையும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க முடிந்தவர்கள் வேறு ஆட்கள். தாதரில் பார்சிகள் குடியேறினார்கள்; மாட்டுங்காவில் நம் ஊர் குமாஸ்தாக்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமே தொடங்கும் அளவுக்கு அங்கே வேர்விட்டார்கள். தொழிலாளியின் நெரிசலைக் காட்டிப் போட்ட திட்டத்தில் நமக்கு மாட்டுங்கா கிடைத்தது என்பதை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மூன்றாவது வழி ஆளுநர் ஜார்ஜ் லாயிட் 1920-ல் தொடங்கிய வளர்ச்சித் துறையின் சால்கள், அதாவது தொழிலாளர்களுக்கான ஓரறை வீட்டு அடுக்குக் கட்டடங்கள். பம்பாய்க்குள் வரும் ஒவ்வொரு பேல் (பொதி) பருத்திக்கும் ஒரு ரூபாய் வரி போட்டு, 50,000 அறைகள் கட்டத் திட்டம். முடிந்தவை 207 கட்டடங்கள், ஏறக்குறைய 16,000 அறைகள். நான்கு அடுக்கு கான்கிரீட், மாடிக்கு இருபது அறை, அறைக்கு 160 சதுர அடி, கழிப்பறை பொது. நம் ஒண்டுக்குடித்தனத்தை அரசே அச்சில் வார்த்தது போல.

இதிலும் தூரம்தான் தீர்ப்பு எழுதியது. 121 கட்டடங்கள் எழுந்த வொர்லி ஆலைகளிலிருந்து தள்ளியிருந்தது. வாடகைக்கு ஆளின்றிப் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானவர்களை அங்கே அடைத்தார்கள். சிறையாக்குவதற்குப் பெரிதாக மாற்றிக் கட்டவேண்டி இருந்திருக்காது!

இன்னொரு வழியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 1914-15-ல் சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்த நகரத் திட்ட அறிஞர் பாட்ரிக் கெடிஸ், பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டுச் சிறு முற்றங்கள் திறந்தால் போதும், தெருவையே அழிக்கவேண்டாம் என்றவர். சால்கள் எழுந்த காலத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்தார். எனக்குப் பிடித்தது அவர் வழிதான். ஆனால் அடுக்கடுக்காக ஆள் நிறைந்த பம்பாய்க்கு முற்றங்கள் மட்டும் போதாது. புதிதாக அறைகளும் வேண்டியிருந்தன.

ஆகவே என் ஓட்டு, மனமில்லாமல்தான், சால்களுக்கு. அதுவும் ஆலைகளுக்கு நடுவே எழுந்த டிலைல் ரோடு சால்களுக்கு. இப்போது அந்தப் பழைய சால்களை இடித்து, குடும்பத்துக்கு 500 சதுர அடி வீடு கட்டுகிறார்கள். அதே இடத்தில்.