ஜோடிப் படங்களை எடிட்டிங்குக்கு வெளியே கொடுக்கும் முன் இதைப் படியுங்கள், எனக்கு 12,800 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் அந்த எடிட்டிங் ஆளின் நம்பர் என்னை பிளாக் செய்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடலூர், பாண்டிச்சேரி பக்கம் என்னை மாதிரித் தனி ஆளாகக் கேமரா தூக்குகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், அடுத்து உங்களிடம்தான் வருவான்.

போன மாதம் ஒரு ஜோடிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அவுட்டோர் போட்டோஷூட். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வந்த பெங்களூர் பஸ் லேட், ஆரம்பிக்கும்போது மணி பதினொன்று, வெயில் தலைக்கு மேலே. கண்ணுக்குக் கீழே கருப்பாகக் குழி, மூக்கு நிழல் உதட்டு மேல், பொண்ணால் கண்ணையே திறக்க முடியவில்லை, ரிஃப்ளெக்டரை (வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் தட்டி) விரித்தால் காற்று, அதைப் பிடித்திருக்கும் பையனையும் சேர்த்து இழுக்கிறது. எப்படியோ எடுத்து முடித்தோம். ஆல்பத்துக்கு 64 படம் தேர்வாச்சு. அந்த நிழலையெல்லாம் இயல்பாக எடுக்க எனக்கு ஒரு வாரமாவது வேண்டும், கையில் இன்னும் ரெண்டு கல்யாண வேலை பாக்கி.

அப்போதுதான் ஆன்லைனில் போட்டோ எடிட் செய்து தரும் ஒரு சர்வீஸின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு படம் இலவச சாம்பிள் என்றார்கள். அனுப்பினேன், நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழ் நிழல் இளகியிருக்கிறது, ஆனால் தோல் தோலாகவே இருக்கிறது. பொண்ணின் உதட்டோரம் இருக்கிற மச்சம் அப்படியே. தலையில் மல்லிகை ஒவ்வொரு மொட்டும் தனித்தனி. அந்த மச்சத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். படத்துக்கு 200, "முழுசா கட்டிட்டா மூணே நாள்ண்ணே, பாதின்னா பத்து நாள் ஆகும்" என்றான் அந்த சர்வீஸ்காரன். உட்கார்ந்த இடத்திலேயே 12,800 அனுப்பினேன். யூபிஐயில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பார்த்தும் அனுப்பினேன்.

நாலாம் நாள் கேட்டால் "சிஸ்டம் அப்டேட் ஆகுதுண்ணே". ஆறாம் நாள் "எடிட்டர் வீட்ல ஒரு துக்கம்ண்ணே". நான் வருத்தம் சொல்லிவிட்டு ரெண்டு நாள் போனே போடவில்லை. ஒன்பதாம் நாள் 19 படம் வந்தது. மச்சம் இல்லை. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, கழுத்து மட்டும் அவள் நிறம். மல்லிகை ஒரே வெள்ளைக் கட்டி. மாப்பிள்ளையின் ஒரு காது வானத்தோடு கரைந்துவிட்டது. பொண்ணோட அம்மா விடாமல் கேட்டதால் ரெண்டு படம் அனுப்பியிருந்தேன். போன் செய்து, "தம்பி, இது எம்பொண்ணே இல்லையேப்பா" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கேட்டதற்கு, சாம்பிளை சீனியர் செய்தாராம், அந்தத் தரம் வேண்டுமென்றால் படத்துக்கு 600-ஆம். மேனேஜரிடம் கொடு என்றேன், அதே குரல் "மேனேஜர் பேசறேன்" என்கிறது! மீதி 45 படம் வரவே இல்லை, 12,800-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. பேங்கில் "நீங்கதானே பின் போட்டீங்க" என்று முடித்துவிட்டார்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் போனால் உடனே அந்த நம்பருக்கு அடியுங்கள், என்னை மாதிரி ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள்.

வெயில் படங்களைச் சரிசெய்வது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. ஒரு சாம்பிளை நம்பாதீர்கள், அஞ்சு படம் கொடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள். லேயரோடு, அதாவது செய்த மாற்றங்கள் தனித்தனி அடுக்காக இருக்கிற ஃபைல் கேளுங்கள். ரா ஃபைல் (கேமராவில் பதிவான அசல்) மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், அந்தப் பொண்ணு படங்கள் இன்னும் அவன் கையில் இருக்கிறது, எனக்குத் தூக்கம் வராதது அதனால்தான். அப்புறம், நம்ம கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்தால் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும், முகத்துக்கு லேசாக ஃபிளாஷ் வேண்டும். சாயங்காலம் அதே இடத்தில் வெயில் முகத்துக்கு நேராக, மென்மையாக வரும். பதினொன்றுக்கு ஆள் வந்தால் ஏதாவது மர நிழலுக்குள் கூட்டிப் போங்கள், மணலில் நிற்க வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதே ஜோடியை மறுபடி எடுக்கிறேன், காசு வாங்கவில்லை. இதே மாதிரி சாம்பிள் அனுப்பி முழுப் பணம் கேட்ட ஆளிடம் யாராவது ஏமாந்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், புகாரில் சேர்க்க வேண்டும்.