மூங்கில் பிரஷா, பிளாஸ்டிக் பிரஷா?

மட்டக்களப்பில் பல் விளக்க எந்த பிரஷை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு, இரண்டையும் பாவித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

சுத்தம்: வாவிக்காற்றில் எப்போதும் ஈரம். மார்கழி மழையில் மூங்கில் பிடி காயாமல் கறுப்புப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. மூடி போட்டால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது, உதறி நிமிர்த்தி வைத்தால் போதும்.

உழைப்பு: பிடி எதுவானாலும் நார் பெரும்பாலும் நைலோன்தான். 3 மாதத்திலோ, நார் விரிந்ததுமோ மாற்றத்தான் வேண்டும்.

விலை: மூங்கிலுக்குத்தான் கூடுதல்.

குப்பை: பிளாஸ்டிக் மக்காது. மூங்கிலில் நாரைப் பிடுங்கிவிட்டுப் பிடியை மண்ணில் புதைக்கலாம்.

யன்னலோரம் வெயிலும் காற்றும் வரும் வீட்டுக்கு மூங்கில் சரி. ஈரக் கிணற்றடியிலேயே வைப்பவர்கள் பிளாஸ்டிக் எடுங்கள். தலையை மட்டும் மாற்றும் வகை கிடைத்தால், நான் அதைத்தான் வாங்குவேன்.