இங்கினியாகலயில் படகேறி யானை பார்க்கப் போகலாமா?

எங்கள் கல்முனைப் பக்கத்துச் சனம் யானை பார்க்க யாலவுக்கு ஓடுகிறது. அம்பாறையைத் தாண்டினால் கல் ஓயா தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே இங்கினியாகலயில் அணை கட்டி உண்டாக்கிய பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போயே யானை பார்க்கலாம். குடும்பமாகப் போய் வந்தோம். கொடுத்த காசுக்குக் குறையில்லை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் திறந்த படகில் இருக்கேலாது.

அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்கி, மேட்டு முகடுகள் தீவுகளாக நின்றுவிட்டன. அந்தத் தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போய் மேய்கின்றன. நாங்கள் போன நேரம் ஒரு தாயும் குட்டியும் கடந்துகொண்டிருந்தன. தாயின் தலையுச்சியும் தும்பிக்கை நுனியும்தான் வெளியே தெரிந்தன. குட்டி அதன் விலாவோடு ஒட்டியே வந்தது. படகோட்டி நல்ல தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். இரண்டும் கரையேறிப் புல்லுக்குள் போகும்வரை அசையவில்லை. என் ஐந்து நட்சத்திரமும் அந்த மனிதருக்குத்தான்.

இன்னொரு படகு பாட்டுச் சத்தத்தோடு கிட்டப் போனதில், கரையில் மேய்ந்த கூட்டமொன்று காட்டுக்குள் திரும்பிவிட்டது. மனம் கொதித்தது. கிட்டப் போகச் சொல்லி யார் கேட்டாலும் ஓட்டுகிறவர் மறுக்க வேண்டும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். மேயும் இடத்தில் விரட்டினால் அது எங்கே போகும்?

எங்கே போகும் என்று என் அப்பாவுக்குத் தெரியும். வெள்ளாமைக் காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், பரண் கட்டி, விடிய விடிய ஆனைவெடியோடு காவல் இருந்தவர். எங்கள் வயலுக்கு வாய்க்காலில் வரும் தண்ணீரும் இந்தக் குளத்துத் தண்ணீர்தான். 1954இல் இந்தப் பூங்காவை அறிவித்ததே குளத்துக்குத் தண்ணீர் சேர்த்துத் தரும் நீரேந்து காட்டைக் காக்கத்தான். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 25,900 ஹெக்டேயர். காட்டை வெட்டினால் மழைக்கு மண் கரைந்து வந்து குளத்தை நிரப்பும், யானையும் வயலுக்கு இறங்கும். அப்பா படகிலேயே சொன்னார்: “இந்தக் காட்டை இப்படியே விட்டுவைக்கோணும். இங்க புல் இல்லாட்டி அது நம்மட வட்டைக்குத்தான் வரும்.”

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 400க்கு மேல் செத்தன. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, தீனிக்குள் வைக்கும் வெடி என்று பெரும்பாலும் மனிதர் கையால். ஆசிய யானை அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வேலி போடலாம், வெடி கொளுத்தலாம், ஆனால் மேய நிலம் இல்லாத யானையை எதுவும் தடுக்காது. நுழைவுச் சீட்டு வாங்கிப் போவதை நான் வீண் செலவாக நினைக்காததும் அதனால்தான்.

பறவைகளும் நிறைய. நீர்க்காகங்கள் கூடு கட்டும் தீவைச் சுற்றி மெதுவாகப் போனோம், இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. யானைக்காகவே போகிறவர்கள் மார்ச்சுக்கும் யூலைக்கும் இடையில் போங்கள். தண்ணீர் வற்ற வற்றக் கரையில் இளம்புல் முளைக்கும், கூட்டம் அங்கே இறங்கும்.

ஒரு குறை. சின்னப் பிள்ளைகள் அளவுக்கு மிதவை அங்கி எங்கள் படகில் இல்லை, மகளுக்குப் பெரியவர்களின் அங்கியைத்தான் இறுக்கிக் கட்டினோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் படகு பேசும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.