டபுள் மார்க்கர் டெஸ்ட்: 'ஸ்மோக்கிங்' கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறை) இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கர்ப்பிணியின் ரத்தத்தை வைத்துக் கணிப்பதுதான் டபுள் மார்க்கர் டெஸ்ட். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் அதை எடுப்பதில் இப்போது அலைச்சல் இல்லை. வெறும் வயிறு வேண்டாம், ஒரு டியூப் ரத்தம் போதும். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். என்.டி. ஸ்கேன் (பிள்ளையின் பின்கழுத்தில் உள்ள நீர் அளவைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். கோட்டை விடுவது கவுன்ட்டரில்.

ஃபார்மில் எடை, சுகருக்குப் பக்கத்தில் 'ஸ்மோக்கிங்' என்று ஒரு சின்னக் கட்டம். பெரும்பாலும் கேட்காமலே 'நோ' விழுந்துவிடுகிறது. கேட்டாலும், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பொண்ணு வாய் திறக்கும்? பேனாவை அவள் கையில் கொடுத்துத் தனியாக எழுத விட வேண்டும்.

டெஸ்டில் அளப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரண்டை: பாப்-ஏ என்ற புரதம், பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். தாய் சிகரெட் பிடித்தால் பாப்-ஏ சுமார் 15-20 சதவீதம் இறங்கும், எச்.சி.ஜி.யும் லேசாகக் குறையும். டவுன் சிண்ட்ரோமிலும் பாப்-ஏ குறைவாகத்தான் இருக்கும். அதனால் விஷயம் தெரியாத கம்ப்யூட்டர் 'ஹை ரிஸ்க்' என்று அடித்துவிடலாம். ரிப்போர்ட்டில் எம்.ஓ.எம். 1.0 என்றால் அந்த வாரத்துக்கு நடுவான அளவு. பாப்-ஏ 0.40 என்று வந்தது, சிகரெட் பழக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் 0.48 பக்கம் ஏறும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இந்த வித்தியாசமே பனிக்குட நீர் எடுக்கும் ஊசி வரை கொண்டுபோய்விடும்.

கணவர் பிடிக்கும் பீடிக்கு இங்கே டிக் போடாதீர்கள். கட்டம் தாயைப் பற்றியது. மாவா, புகையிலை போடுபவர்கள் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். திருத்தக் கணக்கு சிகரெட்டை வைத்துப் போட்டது.

இன்னொன்று, இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. திருத்திய பிறகு 'லோ ரிஸ்க்' வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்தியது கணக்கை மட்டும். உடம்பில் பாப்-ஏ குறைந்தது குறைந்ததுதான். வளர்ச்சிக் காரணியைக் கட்டிப்போட்டிருக்கும் புரதத்தை வெட்டி, அதை அவிழ்த்துவிடுவதே பாப்-ஏவின் வேலை. அது மிகவும் குறைந்தால் பிள்ளை எடை ஏறாமல் போகலாம். திருத்துவதற்கு முந்தைய பாப்-ஏ அளவை டாக்டரிடம் காட்டி, கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சி ஸ்கேன் கேளுங்கள்.

டிக் தப்பாகிவிட்டதா? மறுபடி ஊசி வேண்டாம். சாம்பிள் நம்பரைச் சொல்லி ரீகால்குலேஷன் கேளுங்கள். அதே ரத்தத்தின் அளவை வைத்தே புது ரிப்போர்ட் தர முடியும்.