விமான நிறுவனம் முடங்கினால் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லும் ஏஜெண்டிடம் உஷார்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் டிக்கெட் எடுத்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்யும் கடைகள் இன்னும் இருப்பதால் நடந்த விதம்தான் முக்கியம்.

2023 ஜூன் பள்ளி விடுமுறைக்குக் காஷ்மீர் பயணம், நான்கு பேர். சிங்கப்பூரிலிருந்து டெல்லிக்கு ஒரு நிறுவனம். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போய்வரத் தனி டிக்கெட், கோ ஃபர்ஸ்ட் என்ற இந்திய மலிவுக் கட்டண நிறுவனத்தின் விமானத்தில், நால்வருக்கும் சேர்த்து 1,280 வெள்ளி. கார்டில் கட்டினால் 3 விழுக்காடு கூடுதல் என்றார் ஏஜெண்ட். அது 38 வெள்ளிச் சொச்சம். அதை மிச்சப்படுத்த, ஏஜெண்ட் கொடுத்த கைத்தொலைபேசி எண்ணுக்குப் பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) செய்தார்கள். பணம் போனது கடையின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபர் கணக்குக்கு.

மே 2ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது. “மூணு நாளைக்குத்தான் நிறுத்தியிருக்காங்க அண்ணே, மறுபடி ஓடும்” என்றார் ஏஜெண்ட். அவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. நிறுவனமே அப்படித்தான் அறிவித்தது. முதலில் சில நாள், பிறகு இன்னும் சில நாள், பிறகு மாத இறுதி, பிறகு ஜூன் என்று ரத்தைத் தவணை தவணையாக நீட்டிக்கொண்டே போனது. இதற்கிடையில் மற்ற நிறுவனங்களின் ஸ்ரீநகர் கட்டணம் ஏறிவிட்டது. ஒரு நிறுவனத்தின் இருக்கைகள் அத்தனையும் சந்தையிலிருந்து மறைந்தால் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்? பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஏஜெண்ட் பழைய டிக்கெட்டைத் தானே கேன்சல் செய்தார், புதிய டிக்கெட்டை உயர்ந்த விலைக்கு விற்றார், தலைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் வாங்கினார். பழைய பணம்? “அது ஏர்லைன்ஸ்கிட்டதான் இருக்கு, வந்ததும் தர்றேன்.” வரவே இல்லை.

பணம் தன்னிடம் இல்லை என்று ஏஜெண்ட் சொன்னது பாதி உண்மை. மலிவுக் கட்டண நிறுவனங்களிடம் ஏஜெண்டுகள் முன்பணம் கட்டி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதிலிருந்துதான் கழியும். விமானம் ரத்தானால் பணம் திரும்புவதும் அந்த முன்பணக் கணக்குக்கே. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் அந்தக் கணக்கும் சேர்ந்து முடங்கும். இங்குள்ள சிறிய கடைகள் நேராக டிக்கெட் எடுப்பதுமில்லை. பெரிய ஏஜெண்ட் ஒருவரிடமோ இந்தியாவில் இருக்கும் ஒருவரிடமோ வாங்கிக் கைமாற்றுவார்கள். ஆகவே பணம் இரண்டு மூன்று கை தாண்டி மாட்டிக்கொள்ளும். ஆனால் ஏஜெண்ட் எடுத்த லாபமும் சேவைக் கட்டணமும் எங்கும் போய் மாட்டவில்லை, அவர் கையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மாட்டிக்கொண்ட பணம் ஏன் வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மே 10ஆம் தேதி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. ஏற்ற அன்றே இந்தியத் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி தடைக்காலம் தொடங்கும். பழைய கடனுக்காக அந்த நிறுவனத்தின் மீது யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது, நடக்கும் வழக்கையும் தொடர முடியாது. திவால் நிர்வாகியிடம் உரிமைகோரிக்கைப் படிவம் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும். ஆனால் சொத்தை விற்றுப் பங்கிடும் வரிசை 53ஆம் பிரிவில் இருக்கிறது: நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கியும் ஈடு பெற்ற வங்கிகளும், மற்ற ஊழியர் சம்பளம், ஈடில்லாக் கடன் கொடுத்தவர்கள், அரசாங்க பாக்கி. இவற்றுக்கெல்லாம் பிறகு வரும் ‘மீதிக் கடன்’ என்ற கூட்டத்தில்தான் டிக்கெட் வாங்கியவர் நிற்பார். விமானங்களோ பெரும்பாலும் குத்தகை. கோ ஃபர்ஸ்ட்டிடம் இருந்த 54 விமானங்களின் பதிவையும் நீதிமன்ற உத்தரவின்படி 2024இல் ரத்து செய்து குத்தகைக்காரர்களிடம் விட்டார்கள். 2025 ஜனவரியில் நிறுவனத்தையே கலைக்க உத்தரவு வந்தது. விற்க என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பணம் திரும்ப வரும் வழி நிறுவனத்திடம் இல்லை. நீங்கள் பணம் கட்டிய விதத்தில் இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு வழியாகக் கட்டியிருந்தால், அது டெபிட் கார்டாக இருந்தாலும், வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லலாம். பேநவ், நெட்ஸ் (உள்ளூர் வங்கி அட்டைக் கட்டணம்), ரொக்கம் ஆகியவற்றில் அது கிடையாது. 38 வெள்ளியை மிச்சம்பிடித்து 1,280 வெள்ளியை இழந்த கணக்கு இதுதான். ஏஜெண்ட் ஏன் கார்டு வேண்டாம் என்கிறார் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கார்டில் வாங்கினால் அவருடைய வங்கி பிற்பாடு அந்தப் பணத்தை அவரிடமிருந்தே பிடித்துக்கொள்ளக்கூடும்.

சார்ஜ்பேக் கேட்கும்போது ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தை நீங்களே சொல்லிக் கேளுங்கள். ‘நான் கேன்சல் செய்தேன், பணம் வரவில்லை’ என்று சொன்னால் அது வேறு வகை வழக்கு. அதில் டிக்கெட்டின் கேன்சல் விதிகள் குறுக்கே வரும், ‘திரும்பப் பெற முடியாத டிக்கெட்’ என்ற ஒரு வரியைக் காட்டி மறுத்துவிடுவார்கள். மேலே சொன்ன குடும்பம் கார்டிலேயே கட்டியிருந்தாலும், ஏஜெண்ட் தானாகவே டிக்கெட்டைக் கேன்சல் செய்தது இப்படித்தான் குறுக்கே வந்திருக்கும். நிறுவனம் ரத்து செய்யும் வரை காத்திருங்கள். நீங்களும் கை வைக்காதீர்கள், ஏஜெண்டையும் வைக்க விடாதீர்கள். “கேன்சல் பண்ணிடவா?” என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்குப் போகிற போக்கில் ‘ஓகே’ போட்டவர்கள் எத்தனையோ பேர்.

கெடுவும் முக்கியம். விசா விதிப்படி, நீங்கள் பறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாளுக்குள் வங்கி வழக்கைத் தொடங்கியாக வேண்டும். கார்டில் பணம் பிடித்த நாளிலிருந்து எப்படிப் பார்த்தாலும் 540 நாளைத் தாண்டக்கூடாது. மாஸ்டர்கார்டிலும் கணக்கு ஏறத்தாழ இதுவே. வங்கியின் முகப்பு ஊழியர் “ஸ்டேட்மெண்ட் வந்து இத்தனை நாள் ஆகிவிட்டது” என்று மறுத்தால், பயணத் தேதியைக் காட்டி மேலே அனுப்பச் சொல்லுங்கள். “பொறுங்க” என்று ஏஜெண்ட் நான்கு மாதம் இழுத்துவிட்டால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. காத்திருந்த உங்களுக்குத்தான் கதவு மூடும்.

கூட வைக்க வேண்டியவை: டிக்கெட் அல்லது பயண விவரத் தாள், கார்டு ஸ்டேட்மெண்டில் அந்த வரி, நிறுவனம் விமானச் சேவையை நிறுத்திய அறிவிப்பின் படம், பணம் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். அறிவிப்பை அன்றே படமெடுத்து வையுங்கள், இணையத்தளமே ஒரு நாள் காணாமல் போகும். வவுச்சரோ ‘அடுத்த பயணத்துக்குக் கிரெடிட்’டோ கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் மாற்றுச் சேவையைப் பெற்றுக்கொண்டதாகிவிடும்.

கடையில் டிக்கெட் எடுக்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறு எழுத்துப் பிஎன்ஆர் என்ற முன்பதிவுக் குறியீடு மட்டும் இருந்தால் அது முன்பதிவுதான். முழுச் சேவை நிறுவனமாக இருந்தால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்க வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098. நீங்கள் ஏறும் விமானம் யாருடையது என்பதைவிட டிக்கெட் யாருடையது என்பதே பணம் திரும்புவதைத் தீர்மானிக்கும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசியாகப் பறந்தது. அடுத்த நாளே விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா அதைத் தன் கணக்குத் தீர்ப்பு மையத்திலிருந்து நிறுத்திவைத்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் டிக்கெட் பணத்தைப் பிரித்துக்கொள்ளும் இடம் அது. அங்கே இடமில்லாத நிறுவனத்தின் டிக்கெட்டில், 589 என்று தொடங்கியவற்றில், தன் பகுதிக்குப் பணம் வராது என்று தெரிந்த பிறகு எந்த நிறுவனம் பயணியை ஏற்றிக்கொள்ளும்? மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அங்கே பிஎன்ஆரை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டு, ‘உறுதி’ என்று வருகிறதா, உங்கள் பெயர் இருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருவதற்குள் பாருங்கள்.

இரண்டு தனி டிக்கெட்டில் பயணம் செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. முடங்கிய நிறுவனத்தின் விமானத்தில் திருச்சியிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து வேறு நிறுவனத்தில் சிங்கப்பூர் என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானம் ரத்தானதால் இரண்டாவதற்கு நேரத்துக்கு வரவில்லை என்றால் நீங்கள் ‘வராதவர்’. அந்த டிக்கெட்டில் மேற்கொண்டு இருக்கும் பயணங்களும் சேர்ந்து ரத்தாகும். அந்த நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றிக் கவலையில்லை. புறப்படும் நேரத்துக்கு முன்பே அழைத்துத் தேதியை மாற்றிவிட்டால் கட்டண வித்தியாசத்தோடு தப்பலாம்.

எல்லா மூடலும் கோ ஃபர்ஸ்ட் போல இருக்காது. ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூன் 11ஆம் தேதி அறிவித்து ஜூலை 31ஆம் தேதி நிறுத்தியது. பின்னால் ஆஸ்திரேலியாவின் பெரிய விமான நிறுவனமான குவாண்டாஸ் இருந்ததால் பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு முழுப்பணம் திரும்பியது. வேலை இழந்தவர்கள் 500க்கும் மேல், அது வேறு துயரம். ஆனால் அங்கேயும் ஏஜெண்ட் வழியாக வாங்கியவர்களை ஏஜெண்டிடமே கேட்கச் சொன்னார்கள். அப்படித் திரும்பிய பணத்தைக் கடைக்காரர் மாதக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்க இடமுண்டு. ஆகவே நிறுவனம் எந்தத் தேதியில் பணத்தை ஏஜெண்டுக்கு அனுப்பியது என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பேச்சு மாறும். ‘3கே’ என்ற குறியீட்டு விமானங்கள்தான் நின்றன என்பதையும் கவனியுங்கள். ‘ஜேகியூ’ என்று இருந்தால் அது ஆஸ்திரேலிய ஜெட்ஸ்டார், அது பறந்துகொண்டுதான் இருக்கிறது. இதைக்கூடக் குழப்பி, நல்ல டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வைத்துப் புதிதாக விற்க ஆள் இருக்கிறது.

பயணக் காப்புறுதியில் ‘திவால்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கு விற்கும் பல காப்புறுதிகளில் அது சிங்கப்பூரில் பதிவான பயண முகவர் நொடித்தால் மட்டும்தான். விமான நிறுவனமும் சேர்த்தியா என்பதைப் பத்திரத்தில் படியுங்கள். செய்தி வெளியான பிறகு வாங்கிய காப்புறுதி எதற்கும் உதவாது.

ஏஜெண்ட் தவறு செய்திருந்தால், அதாவது பணம் வாங்கிவிட்டு டிக்கெட்டே எடுக்காதது, நீங்கள் கேட்காமல் கேன்சல் செய்தது, நிறுவனம் திருப்பியதைத் தராதது, அப்போது அவர்மேல் வழக்குக்கு இடமுண்டு. இந்தியத் தடைக்காலம் சிங்கப்பூர்க் கடைக்குப் பொருந்தாது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாக இணையத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கிடையாது. ரசீது கடையின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் கணக்குக்குப் பேநவ் செய்தவர்கள் இங்கேயும் திணறுவார்கள். பயண முகவர் உரிமம் இருக்கிறதா என்பதைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் டிக்கெட் விற்பவர் என்றால் கழகத்திலும் புகார் கொடுங்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு: வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் செலவு முதலாளியுடையது. அவர் எடுத்த டிக்கெட் முடங்கினால் மறு டிக்கெட்டும் அவர் பொறுப்பே, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அனுமதி ரத்தாகிச் சிறப்பு அனுமதிச் சீட்டில் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். விமானம் இல்லை என்பது அனுமதி தாண்டித் தங்கியதற்குச் சாக்காகாது. தேதி முடிவதற்குள் நீட்டிக்கச் சொல்லி முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், அவர் செய்யாவிட்டால் நேரே மனிதவள அமைச்சிடம் போங்கள்.

நிறுவனம் மூடிய செய்தி வந்த சில நாளிலேயே ‘ரீஃபண்ட் பிரிவு’ என்று அழைப்புகள் வரத் தொடங்கும். கூகலில் தேடினால் மேலே வரும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் போலிகள் கலந்திருக்கும். பணம் திருப்பித் தர யாருக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை, செயலி எதையும் நிறுவச் சொல்லத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.